ரெட்டை விசில்

நான் மடத்து அடுப்படிக்காரி. பவளக்கொடி என்று பெயர். ஞானம், மோட்சம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. எத்தனை தலைக்கு எத்தனை படி அரிசி என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. ஆனால் இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கிட்டத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் மடம் மலையின் பாதி உயரத்தில் ஒரு மேட்டில் இருக்கிறது. இரண்டு அறை, தகரக் கூரை, ஒரு நாவல் மரம். சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் புல். மேட்டுக்குக் கீழே கல்லாறு. பேர்தான் ஆறு, பத்து மாதம் வெறும் மணல். ஆற்றைத் தாண்டி எதிர்ச் சரிவில் ஏறி இறங்கினால் ஊர்.

மடத்தை நடத்துகிறவர் பேச்சித் தாயி. வயது முப்பத்தாறு. இதே மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். பழைய சாமி கண்ணை மூடும்போது இவரைக் கூப்பிட்டு, இனி நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேர்தான் பேச்சி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

அவருக்குச் சீடர் ஒருவர். சங்கிலிமுத்து. வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வெள்ளைத் தாடியைப் பார்த்துவிட்டுப் புதிதாக வருகிற ஆட்கள் அவர் காலில்தான் விழுவார்கள். மனுஷன் தேள் கொட்டினவர் மாதிரி துள்ளி விலகுவார். "குரு அங்க சாணி அள்ளிக்கிட்டு இருக்காக, அங்க போங்க" என்பார்.

மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை அவர் தாயி முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

"தாயி, ஒண்ணு கேக்கணும்."

"ம்."

"எட்டு வருஷமாச்சு. காதுல ஒரு விசில் நிக்க மாட்டேங்குது."

தாயி அவரைப் பார்த்தார்.

"நான் கொடுத்த விசில்தான் தாயி. ஒரு தரைப்பாலம். சித்திரை மாசம். எங்களுக்கு மேல ஒரு பொட்டு மழை கெடையாது, வெயிலு கொளுத்துது. பாலத்து மேல தண்ணி கணுக்கால் அளவு போகுது. டீத்தண்ணி நெறம். சருகும் சுள்ளியுமா மெதக்குது. டிரைவரு திரும்பி என்னையப் பாத்தாரு. நேரமாச்சேன்னு நான் ரெட்டை விசில் கொடுத்தேன்."

ஒற்றை விசில் என்றால் நில். ரெட்டை விசில் என்றால் போ. இது பஸ் ஏறின எல்லோருக்கும் தெரியும்.

"அப்புறம்?"

"மலையில பெஞ்ச மழை மொத்தமும் ஒரே தூக்கா வந்துச்சு தாயி. முப்பத்தொரு பேரு ஏறுனாங்க. இருபத்தொம்பது பேரு கரையேறுனாங்க."

என் கையில் இருந்த விறகு கையிலேயே இருந்தது. இத்தனை மாதம் பக்கத்தில் இருந்து சோறு போட்டிருக்கிறேன், இதை என்னிடம் சொன்னதில்லை.

இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு கட்டியிருந்த விசிலைத் தொட்டுக் காட்டினார். "அன்னையிலேருந்து இதை ஊதல. தூக்கிப் போடவும் கை வரல. காதுல மட்டும் ஊதிக்கிட்டே இருக்கு. அது எப்ப தாயி நிக்கும்?"

தாயி அந்த விசிலைப் பார்த்தார்.

"வண்டி எங்க நின்னுச்சு?" என்று கேட்டார்.

"நடு ஆத்துல."

"ம்."

எழுந்து வந்து என் அடுப்பு மேடையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பனி காயறதுக்குள்ள மேட்டைச் சுத்திப் புல்லை எரிச்சிருங்க அய்யா."

அவ்வளவுதான். போய்விட்டார்.

கண்டக்டர் தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பவளம், நான் என்ன கேட்டேன், இவுக என்ன குடுக்கறாக?"

"ஏன், தீப்பெட்டி நல்லாத்தான இருக்கு? போன வாரம் வாங்குனது" என்றேன்.

"எறும்புக்குக்கூடக் கேடு நெனைக்காத எடம்னு இங்க வந்தேன். என்னையப் போயி நெருப்பு வைக்கச் சொல்றாகளே."

அவர் கீழ்நாட்டு ஆள். மலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. மாசிப் பனியில் புல்லின் அடி நனைந்திருக்கும்போது வீட்டைச் சுற்றி ஒரு வளையம் எரித்து விடுவோம். பச்சைக் கொப்பால் அடித்தால் சொன்ன இடத்தில் நிற்கும். பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் புல்லின் பக்கம் பீடி பற்றவைக்கக்கூட விடமாட்டோம்.

மூன்று நாள் விடியலில் போய் எரித்தார். கரி அப்பின முகத்தோடு வந்து, எதைத் தின்றாலும் புகை வாசம் அடிக்கிறது என்று என் சாம்பாரைக் குறை சொன்னார். மூன்றாம் நாள் தாயி கேட்டார்.

"முடிஞ்சுதா அய்யா?"

"பாதை ஏறுற எடத்துல மட்டும் ஒரு களத்து அளவு விட்டுட்டேன் தாயி. காடை அடைகாக்குது. ஆறு முட்டை."

ஐயோ, செத்தார் என்று நினைத்தேன். ஆற்றிலிருந்து மேட்டுக்கு வருகிற பாதை அந்த ஒரு இடத்தில்தான் ஏறுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. வீட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டு வாசலில் முள்ளைக் கொட்டி வைத்த கதைதான் அது.

தாயி, "சரி" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்ன தாயி சரி? அந்த எடத்தை விடலாமா?"

"முட்டை இருக்குல்ல" என்றார்.

காடைக் குஞ்சு பொரித்து ஓடுவதற்குள் பனி போய்விட்டது. அப்புறம் யார் அதில் நெருப்பு வைப்பது? வைத்தால் மலையே போய்விடும். எரித்த இடமெல்லாம் கறுத்து, அதில் விரல் அளவு பச்சை துளிர்த்திருந்தது. இந்த ஒரு துண்டு மட்டும் ஆள் உயரத்துக்குக் காய்ந்து சலசலவென்று நின்றது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து முணுமுணுப்பேன். கண்டக்டர் காதில் விழட்டும் என்றே சத்தமாக முணுமுணுப்பேன்.

சித்திரை வந்தது. இரண்டு மாதமாக மழை இல்லை. நாவல் மரத்தடியில் நின்றால்கூட உடம்பு வெந்தது.

சித்திரை மூன்றாம் செவ்வாயில் ஊர்க்காரர்கள் கல்லாற்றுக்குள் பொங்கல் வைப்பார்கள். காப்புக் கட்டி மஞ்சள் உடுத்தி, செருப்பில்லாமல் மலை தாண்டி வருவார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி அந்தத் தண்ணீரில்தான் பொங்க வேண்டும். பொங்கலை முடித்துக்கொண்டு திரும்பிப் போய்ச் சாயங்காலம் ஊரில் பூக்குழி இறங்குவார்கள். அந்த வருஷமும் வந்தார்கள். நாட்டாமை வீரபத்திரன் முன்னால் வந்தார். பெரிய மீசை, பெரிய குரல்.

கண்டக்டர் கரையில் நின்று இறங்குகிறவர்களை எண்ணினார். அது அவருக்குப் பழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.

"அம்பத்து மூணு" என்றார் என்னிடம்.

"டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஊற்றுத் தோண்டிக் கொடுக்க இறங்கிப் போனார். நான் மோர் கலக்க மேட்டுக்கு வந்துவிட்டேன்.

உச்சிப்பொழுதில் மலையின் தலைப்பக்கம் கறுத்தது. கல்லாறு பிறக்கிற இடம் அது. அங்கே இருட்டிக்கொண்டு நின்றது, எங்கள் தலைக்கு மேல் வெயில். இடி உருண்டது. ஆற்றுக்குள் இருந்தவர்கள் மழை வரப்போகிறதென்று குலவை போட்டார்கள். தாயி மட்டும் வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்த்தார்.

பளீரென்று ஒரு மின்னல் எதிர்ச் சரிவில் இறங்கியது. துளி மழை இல்லாத மின்னல். ஒரு பட்ட மரம் பிளந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு கண்ணைத் திறப்பதற்குள் மரத்தடியில் புகை.

"தாயி, தீயி!"

ஊருக்குப் போகிற பாதையே அந்தச் சரிவில்தான் இருக்கிறது. புல் சடசடவென்று பிடித்தது. பிறகு காற்று திரும்பியது. அதுவரை கீழேயிருந்து மேலே வீசிய காற்று, மழை பெய்கிற இடத்திலிருந்து குளிர்ந்து, மேலிருந்து கீழே அடிக்க ஆரம்பித்தது. தீ சரிவோடு ஆற்றைப் பார்த்து இறங்கியது. எரிகிற சருகுகள் ஆற்றுக்கு மேலே பறந்து எங்கள் பக்கத்துப் புல்லில் விழுந்தன. இங்கேயும் அங்கங்கே புகை கிளம்பியது.

தாயி அடுப்புக்குள் கையை விட்டு எரிகிற கட்டை ஒன்றை உருவினார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"அந்தப் புல்லை எரிக்கணும்."

"தாயி, பயித்தியமா உங்களுக்கு? தீ தானா வருது, நீங்க வேற வைக்கிறீங்களா?"

"பவளம். ஆத்துக்குள்ள ஆளு நிக்கக்கூடாது. ஓடு."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஓடினேன். காய்ந்த புல்லுக்கு நடுவில் பாதையில் இறங்கிப் பாறையைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால், நான் வந்த வழியில் தாயி நெருப்பு வைத்துவிட்டார். இனி மேலே போகவும் முடியாது.

ஆற்றுக்குள் ஒரே கூச்சல். வீட்டுக்குப் போகிற வழி எரிகிறது, மடத்துக்குப் போகிற வழியும் எரிகிறது. நாட்டாமை ஒரு கல்லின் மேல் ஏறி நின்று கத்தினார். "யாரும் கரையேறாதீக! மணலு எரியாது! பொம்பளையாளுக பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நடுவுல உக்காருங்க!"

அவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது. தீக்கு மணல்தான் பாதுகாப்பு. ஏறுங்க ஏறுங்க என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன், யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்டக்டர் எங்கே என்று தேடினேன். எல்லோரும் தீயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஊற்றுக் குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டக்டரே! இங்க என்ன செய்றீங்க?"

"பவளம், இதைப் பாரு. நான் முழங்கை ஆழம் தோண்டுனேன். யாரும் மொள்ளல. தானா நெறையுது."

குழி நிறைந்து வழிந்தது. மணலின் மேல் ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் நெளிந்து வந்தது. டீத்தண்ணி நிறம். அதன் மேல் சருகு, சுள்ளி.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "அதே தண்ணி" என்றார்.

எழுந்தார். "எல்லாரும் ஏறுங்க! வெள்ளம் வருது! மேட்டுக்கு ஏறுங்க!"

"யோவ், கண்ணு தெரியலையா? மேல தீயி எரியுது, வெள்ளமாம் வெள்ளம்!" என்று நாட்டாமை கத்தினார். "கணுக்கால் நனையாத தண்ணிக்கு இந்த ஆட்டமா?"

ஜனம் நடு மணலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது கண்டக்டரின் கை இடுப்புக்குப் போனது. கயிற்றை அவிழ்க்க நேரமில்லாமல் அறுத்து எடுத்தார். விசிலை வாயில் வைத்தார்.

ஒற்றை விசில்.

அம்மாடி! என்ன விசில் அது! இடி முழக்கத்துக்கு மேலே போய்க் கேட்டது. ஐம்பத்து மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு காலைத் தூக்கினபடி நின்றான். நாட்டாமையின் வாய் திறந்தபடி நின்றது. பிறந்ததிலிருந்து பஸ் ஏறுகிற உடம்பு. மூளை யோசிப்பதற்கு முன்னால் கால் நின்றுவிட்டது.

"இதே தண்ணியில நான் ரெண்டு பேரைக் கொடுத்திருக்கேன்" என்றார் கண்டக்டர். கத்தவில்லை. "இன்னொருக்கக் கொடுக்க மாட்டேன். கைப்பிள்ளைக்காரங்க முன்னால. சட்டி பானையத் தொடக்கூடாது. நடங்க."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பெண் பொங்கல் பானையைத் திரும்பிப் பார்த்தாள். "உசுரு இருந்தா நாளைக்குப் பொங்கலாம், நட" என்று அவளைத் தள்ளினேன்.

பாறை ஏறிப் புல்லிருந்த இடத்துக்கு வந்து எல்லோரும் நின்றுவிட்டார்கள். தாயி வைத்த தீ அந்தத் துண்டைத் தின்று முடித்திருந்தது. காய்ந்த புல், நாலு நிமிஷத்தில் சாம்பல். ஆனால் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. அங்கங்கே புல்லின் தூர் சிவப்பாகக் கனன்றது. அந்தப் பக்கம், மாசியில் கறுத்த மேட்டில், புகைக்குள் தாயி நின்றார். இந்தப் பக்கம் செருப்பில்லாத ஐம்பத்து மூன்று பேர்.

"நெருப்புய்யா இது! இதுல எப்படிக் காலை வைக்கிறது?" என்றார் நாட்டாமை.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் நாட்டாமை, சாயங்காலம் பூக்குழி எறங்கத்தான காப்புக் கட்டியிருக்கீக? ஊரு பாக்க எறங்குவீக, உசுருக்கு எறங்க மாட்டீகளாக்கும்?"

அவர் மீசை துடித்தது. ஆனாலும் நகரவில்லை. யார் முதலில் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். மூச்சு வரவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நில் என்று சொல்வது வேறு. போ என்று சொல்ல வேண்டும் இப்போது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. புகையால் வந்த தண்ணீர் இல்லை அது.

ஆற்றின் தலைப்பக்கம் ஒரு சத்தம் ஆரம்பித்தது. கல்லோடு கல் உருளுகிற சத்தம்.

"அய்யா" என்று தாயி அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "எத்தனை பேரு?"

"அம்பத்து மூணு தாயி."

"ஏறட்டும்."

ரெட்டை விசில்.

நாட்டாமை "தாயே!" என்று ஒரு சத்தம் போட்டுச் சாம்பலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குலவை போட்டாள். அவ்வளவுதான், பிறகு யாரை யார் பிடிப்பது? அத்தனை பெண்களும் குலவை போட்டார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, மாமியாரைக் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் துணி பறக்க, பூக்குழி இறங்குகிற அதே நடையில் இருபது எட்டில் தாண்டினார்கள். நானும் தாண்டினேன். கால் சுட்டது. சுட்டதா என்று யோசிக்கத்தான் நேரமில்லை.

கடைசியாகக் கண்டக்டர் வந்தார். பின்னாலேயே பார்த்துப் பார்த்து வந்தார், பஸ்ஸில் கடைசியாக ஏறுகிற ஆள் மாதிரி.

அவர் மேட்டில் காலை வைத்தபோது கல்லாறு வந்தது. தண்ணீராக வரவில்லை. சேறும் மரமும் பாறையுமாக ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் வந்தது. நாட்டாமை ஏறி நின்ற கல்லைக் காணோம். அத்தனை பொங்கல் பானையும் போன இடம் தெரியவில்லை. நடு மணலில் உட்காரச் சொன்ன இடத்தில் ஒரு முழு மருத மரம் வேரோடு புரண்டு போனது.

நாட்டாமை மெல்ல உட்கார்ந்தார்.

தீயும் விடவில்லை. எங்கள் பக்கத்துப் புல்லில் விழுந்த பொறிகள் சேர்ந்து ஒரே தீயாக மேட்டைப் பார்த்து வந்தது. பிள்ளைகள் அழுதன. ஆறு பேர் நாவல் மரத்தடிக்கு ஓடினார்கள்.

"மரத்துக்கிட்ட போகாதீக! இடி விழும்!" என்றார் தாயி. "தள்ளித் தள்ளிக் குந்துங்க. தலையக் குனிஞ்சுக்குங்க."

கறுத்த மண்ணில் ஐம்பத்து மூன்று பேரோடு நாங்களும் குந்தி உட்கார்ந்தோம். தீ வளையத்தின் ஓரம்வரை வந்தது. அனலில் முகம் காந்தியது. அதற்கு அப்புறம் தின்ன ஒன்றும் இல்லை. வலது பக்கம் போய்ப் பார்த்தது, கரி. இடது பக்கம் போய்ப் பார்த்தது, கரி. வாசலுக்கு வந்து பார்த்தது. அங்கே புதுச் சாம்பல் இருந்தது. நின்ற இடத்திலேயே படுத்துவிட்டது.

அப்புறம் மழை வந்தது. இரண்டு மாத மழையும் சேர்ந்து வந்தது. கரியும் சாம்பலும் எங்கள் மேல் வழிந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் எல்லோரும் பூச்சாண்டி. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள்.

கண்டக்டர் மழைக்குள் நடந்து ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"அம்பத்து மூணு" என்றார்.

மழை விட்ட பிறகு மோர் கொடுத்தேன். சாம்பல் விழுந்த மோர்தான், ஒருத்தரும் குறை சொல்லவில்லை. கண்டக்டர் பாதை ஓரத்தில் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாயி அவர் பக்கத்தில் போய் நின்றார். தாயியின் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது.

"தாயி, நான் இதை மாசியிலேயே எரிச்சிருக்கணும். அன்னைக்கே நீங்க ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம்."

"அன்னைக்கு அங்க முட்டை இருந்துச்சு அய்யா."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ஆளு இருந்துச்சு."

கண்டக்டர் அவர் கையைப் பார்த்தார். நான் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்து கொப்புளத்தில் போட்டேன். போடும்போது எல்லோரையும் திட்டினேன். காடையையும் சேர்த்துத்தான்.

வெயில் திரும்பியது. ஆறு இறங்க ஆரம்பித்தது. நாட்டாமைக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"தண்ணி கொறைஞ்சுருச்சு. பூக்குழி நேரம் தப்பிரும். எறங்குவமா?"

யாரும் அவரைப் பார்க்கவில்லை. அத்தனை முகமும் கண்டக்டரைப் பார்த்தன.

அவர் ஆற்றோரம் போய்க் குந்தினார். தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். மலையின் தலைப்பக்கம் பார்த்தார். இன்னும் ஒரு மேகம் நின்றது.

"வண்டி இப்பப் போகாது" என்றார்.

"தொடை அளவுதான்யா இருக்கு!"

"தெரியுது. வண்டி போகாது."

நாட்டாமை முனகிக்கொண்டே உட்கார்ந்தார். அரை மணி. ஒரு மணி. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்தது. சுள்ளி வருவது நின்றது. மேகம் கலைந்து மலையின் தலை தெளிவாகத் தெரிந்தது. கண்டக்டர் மடத்துக் கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து இக்கரைப் பாறையில் கட்டினார். மறு முனையைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி நடந்து, அக்கரை மரத்தில் கட்டிவிட்டு, மறுபடி இக்கரைக்கு வந்தார். மடத்துக்கு வந்ததிலிருந்து அவர் ஓடுகிற தண்ணீரைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

பிறகு கண்டக்டர் தாயிக்கு முன்னால் வந்து நின்றார். விசில் கையில் இருந்தது.

"தாயி, போலாமா?"

"என்கிட்ட விசில் இல்லையே அய்யா."

அவர் இன்னும் ஒரு தடவை தண்ணீரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று முகத்தையும் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்து ரெட்டை விசில் கொடுத்தார். இந்தத் தடவை மூச்சு தங்குதடையில்லாமல் வந்தது.

"போலாம், ரைட்!" என்று ஒரு பையன் கத்தினான். ஆறு முழுக்கச் சிரிப்பு.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர் தண்ணீருக்கு நடுவில் நின்று, ஒவ்வொரு கையையும் பிடித்து அந்தப் பக்கம் கடத்தினார். எண்ணிக்கொண்டே கடத்தினார். நாட்டாமை கடைசியாக வந்து, நடு ஆற்றில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் பூக்குழியில மொத மரியாதை உங்களுக்குத்தான், வந்தே ஆகணும்" என்றார். கண்டக்டர் சிரித்து அவரை அக்கரைக்குத் தள்ளினார்.

எரிந்து நனைந்த சரிவில் மஞ்சள் துணிகள் வரிசையாக ஏறிப்போயின. கொட்டுக்காரன் மேளம் போய்விட்டதென்று வெறும் கையைத் தட்டிக்கொண்டு போனான். குலவைச் சத்தம் திருப்பம் தாண்டியும் கேட்டது.

கண்டக்டர் இக்கரை வந்து வேட்டியைப் பிழிந்தார்.

"தாயி, மாசியில உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லல."

தாயி எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். உச்சியில் கடைசி மஞ்சள் துணி ஏறி மறைந்தது.

"வண்டி எங்க நிக்குது அய்யா?" என்று கேட்டார்.

கண்டக்டர் நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "கரையேறிருச்சு தாயி" என்றார்.